வெடிச் சத்தத்துக்குப் படுத்த பிள்ளை எந்தக் கல்லூரிக்குப் போனாள்

உங்கள் பிள்ளை ஒருத்தி மாகாணப் போட்டியில் முதலாவதாக வந்து, கொழும்பிலும் ஓடிக் காட்டிவிட்டால், அடுத்த கிழமையே கல்லூரிகள் உங்கள் வாசலுக்கு வரும். பழக்கூடையோடு வரும், விடுதிப் படத்தோடு வரும், சில வேளை பெரிய இடத்துச் சிபாரிசோடும் வரும். அதுவரை உங்கள் பாடசாலைக்கு மைதானம் இருக்கிறதா என்று கேட்டிராதவர்கள் எல்லாம் வாய் நிறைய ‘மிஸ்’ என்பார்கள். புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் விளையாட்டு ஆசிரியர்களே, அந்த நாளுக்கு உங்களை ஒருவரும் ஆயத்தப்படுத்தியிருக்க மாட்டார்கள். பயிற்சிக் கலாசாலையில் ஓட்டம் சொல்லித் தருகிறார்கள், பாய்ச்சல் சொல்லித் தருகிறார்கள். ஓடத் தெரிந்த பிள்ளை எங்கே போய்ப் படிப்பது, அதை யார் தீர்மானிப்பது என்று சொல்லித் தருவதில்லை. நான் சொல்கிறேன். கேட்டுவிட்டுக் கோபிக்கிறவர்கள் கோபிக்கலாம். எனக்கு இனி இடமாற்றம் தர ஒருவராலும் முடியாது.

என் சேவையின் பெரும்பகுதி மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் கழிந்தது. வீடு இக்கரையில், பட்டணத்துப் புளியந்தீவில். காலையில் பஸ் பிடித்து, மண்முனைத் துறையில் நாங்கள் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து, அக்கரையில் சைக்கிள் மிதித்துப் போவேன். யுத்த காலத்தில் இந்தக் கரை ராணுவத்தின் கையில், அந்தக் கரை இயக்கத்தின் கையில். வாவித் தண்ணீர் மட்டும்தான் பொது. “என்னத்துக்கு அங்க கிடந்து சாகிறாய், மாற்றம் எடு” என்று சொந்தக்காரர் எல்லாம் சொன்னார்கள். அங்குள்ள பிள்ளைகளுக்குக் கால் இல்லையா என்று கேட்டேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

அங்கேதான் தர்சினி படித்தாள். அறுவடை முடிந்த வயல் வட்டையில், தாள் குத்துகிற மண்ணில், வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளை. தகப்பன் வயலுக்குப் போய்த் திரும்பாதவர். தாய் தனியாக வேளாண்மை செய்து வீட்டைப் பார்த்தாள். எங்கள் பாடசாலையில் சாதாரண தரம் வரைதான் வகுப்பு. உயர்தரம் படிக்க வேண்டும் என்றால், கல்லூரி என்று பெயருள்ள பெரிய பாடசாலைக்கு வாவியைக் கடந்தாக வேண்டும். கடக்க வேண்டியதற்கு வேறு காரணமும் இருந்தது. வீட்டுக்கு ஒரு பிள்ளை தாருங்கள் என்று இயக்கம் கேட்கத் தொடங்கியிருந்த காலம் அது, அந்த வீட்டில் இருந்ததே ஒரு பிள்ளை. பள்ளிக்கூடம் இல்லாமல் வீட்டில் இருக்கிற பிள்ளையைத்தான் முதலில் கேட்பார்கள். கல்லூரி கிடைக்காவிட்டால் அவளுக்கு என்ன நடக்கும் என்பது தாய்க்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்த வருடம் மாகாணத்தில் எண்ணூறு மீற்றரில் முதலாவதாக வந்தாள். அகில இலங்கைப் போட்டிக்குக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் பஸ்ஸை மறித்து மறித்துச் சோதனை. மைதானத்துக்குள் கால் வைத்தபோது அவளுடைய தகுதிச் சுற்றுக்குப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பையை என்னிடம் எறிந்துவிட்டு ஓடிப்போய்க் கோட்டில் நின்றாள்.

இங்கே ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம், மாகாணப் போட்டியில்கூட, ஓட்டத்தைத் தொடக்கி வைக்கத் துவக்கு என்கிற துப்பாக்கி இல்லை. விளையாட்டுத் துவக்குக் கூட வைத்திருக்க அனுமதி இல்லை. இரண்டு பலகைத் துண்டுகளைச் சேர்த்து அடிப்போம், பிள்ளைகள் ஓடுவார்கள். துவக்குச் சத்தம் கேட்டால் எங்கள் பிள்ளைகள் செய்வது ஒன்றே ஒன்றுதான். அதை நடக்கப் பழகும் வயதிலேயே பழகியிருப்பார்கள்.

வெடி கேட்டது. எல்லாப் பிள்ளைகளும் ஓடினார்கள், தர்சினி படுத்தாள். முகம் மண்ணில் படக் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். பார்வையாளர் பக்கம் சிரிப்பு எழுந்தது. நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் நானும் படிக்கட்டில் தலையை முழங்காலுக்குள் கொடுத்துக் குந்தியிருந்தேன். நான் ஓடுகிறவள் இல்லை, அதனால் ஒருவரும் கவனிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அவள் எழும்பியிருந்தாள். மற்றவர்கள் வளைவுக்குப் போய்விட்டார்கள். அவள் ஓடத் தொடங்கினாள். அப்படி ஒரு ஓட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒவ்வொருத்தியாகப் பிடித்து, நாலாவதாக முடித்தாள். பதக்கமும் இல்லை, இறுதிச் சுற்றும் இல்லை. சிரித்தவர்கள் கை தட்டினார்கள். எனக்கு அந்தக் கைதட்டலும் பிடிக்கவில்லை.

கல்லூரிகள் வந்தது அதற்குப் பிறகுதான்.

முதலில் வந்தது கொழும்பு. தமிழ் மொழியில் படிப்பிக்கிற பெரிய பெண்கள் கல்லூரி ஒன்றின் பயிற்றுநர், இரவெல்லாம் பயணம் செய்து மட்டக்களப்புக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். தாயையும் மகளையும் என் வீட்டுக்கு வரச் சொன்னேன். அவரும் நானும் கதிரையில் இருந்தோம், அவர்கள் இரண்டு பேரும் கதவோடு சாய்ந்து நின்றார்கள். விடுதி, பால், முட்டை, ஸ்பைக்ஸ் சப்பாத்து, ரப்பர் ஓடுபாதை என்று அவர் சொல்லச் சொல்ல என் மனதுக்குள் நான் அவளைப் பஸ் ஏற்றியே விட்டேன். கொழும்பு என்றால் ஒருவரும் கேட்டு வர மாட்டார்கள். எனக்கு அது போதும்.

அப்போது தர்சினி வாயைத் திறந்தாள். “சேர், நான் ஒண்டு கேக்கலாமோ?”

“கேளும்மா.”

“அண்டைக்கு நான் ஏன் படுத்தன் எண்டு நினைக்கிறீங்க?”

அவர் சிரித்தார். மனதில் ஒன்றும் வைத்துச் சிரித்த சிரிப்பில்லை. “பயம்மா. வேற என்ன? ஆறே மாசத்துல அந்தப் பயத்த நான் எடுத்துருவேன். அடுத்த வருஷம் நீயே அத நினைச்சு சிரிப்பே, பாரு.”

அவள் தலையாட்டினாள். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். அவர் போன பிறகு, போக மாட்டேன் என்றாள். எனக்கு வந்த கோபத்தில் வார்த்தை எங்கெங்கோ போனது. “சிரிச்சா சிரிச்சிட்டுப் போறார்! உயிர் பெரிசா, உன்ட ரோசம் பெரிசா?” என்று கத்தினேன்.

“ரீச்சர், அங்க போனா நான் படுத்ததுக்கு வெக்கப்பட வேணும்” என்றாள். “படுத்ததாலதான் நான் இண்டைக்கு உயிரோட நிக்கிறன். என்னைக் காப்பாத்தினதுக்கு நான் ஏன் வெக்கப்பட வேணும்?”

தாய் என்னைப் பார்த்தாள். நான் தாயைப் பார்த்தேன்.

இரண்டாவது, புளியந்தீவில் பெயர் பெற்ற ஒரு கல்லூரி. நான் படித்த இடம் என்பதால் எனக்கு அதில் ஒரு பிடிப்பு இருந்தது. இந்த முறை அதிபர் அறைக்குள் போனதும் நான் ஒன்று செய்தேன். எனக்குக் காட்டிய கதிரையில் தர்சினியை இருத்திவிட்டு அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அதிபருக்கு முகம் சுருங்கிப் போனது. இருக்கட்டும். யாருடைய காலுக்காகக் கூடியிருக்கிறோமோ அவள்தான் கதிரையில் இருக்க வேண்டும் என்ற புத்தி எனக்கு அன்றுதான் வந்தது, அதன் பிறகு ஒரு நாளும் மாற்றவில்லை.

அதிபர் நிபந்தனைகளைச் சொன்னார். தவணை நடக்கும்போது அக்கரைக்குப் போகக் கூடாது. வீட்டு விலாசத்தை ஒருவரிடமும் சொல்லக் கூடாது. கடைசியில், “இனிமேல் இப்பிடி விழுந்து கல்லூரிக்குப் பேர் கெடுக்க மாட்டீர்தானே?” என்றார்.

“மிஸ், நான் விழேல்ல. படுத்தன்” என்றாள் தர்சினி.

“ரெண்டும் ஒண்டுதானே?”

“இல்ல மிஸ்.”

நான் பின்னால் நின்று, “அப்ப நாங்க போயிட்டு வாறம்” என்று அவளை எழுப்பினேன். வெளியே வந்து வாகை மரத்தடியில் நின்றபோதுதான் செய்ததை எண்ணிப் பார்த்தேன். என் சொந்தக் கல்லூரியிலிருந்து அவளை எழுப்பிக்கொண்டு வந்திருக்கிறேன். பிள்ளைக்கு இடம் இல்லை. நாட்கள் போய்க்கொண்டிருக்கின்றன. அவள் மட்டும் வாசலில் கடலை வாங்கித் தின்றுகொண்டிருந்தாள்.

மூன்றாவது கல்லூரி எங்களைத் தேடி வரவில்லை, நாங்கள்தான் தேடிப் போனோம். புளியந்தீவிலிருந்து போகிற பாலத்துக்கு அந்தப் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு சின்னக் கல்லூரி. மைதானத்தில் அகதிகளின் கொட்டில்கள். அதிபர் ஒரு அம்மா, முன்னாளில் விளையாட்டு ஆசிரியை. அவருடைய பெயரைச் சொல்வது அவருக்குப் பிடிக்காது, அதனால் விடுகிறேன். நடந்ததை எல்லாம் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். தர்சினி தன்னுடைய கேள்வியைக் கேட்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“தலைய மூடினாயா மனே?” என்று மகளைக் கேட்பதுபோல் கேட்டார்.

“ஓம் மிஸ். ரெண்டு கையாலயும்.”

“வாயத் திறந்து வெச்சாயா? ஷெல் எண்டா வாய் திறந்திருக்க வேணும். இல்லாட்டிக் காது போயிடும்.”

“அது துவக்குத்தானே மிஸ். சத்தத்திலயே தெரிஞ்சது.”

“அது சரி” என்று அதிபர் அம்மா சிரித்தார். தர்சினியும் சிரித்தாள். அந்தப் போட்டிக்குப் பிறகு அவள் சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான். “இஞ்ச பாருங்க, என்னட்ட ரப்பர் ஓடுபாதை இல்ல, விடுதியும் இல்ல. என்ட வீட்டில ஒரு அறை இருக்கி. பழக்கிறதுக்குத் துவக்கும் இல்ல. அதால படுக்காமப் பழக்க எனக்கு ஏலா. படுக்கிறதெண்டா படு. எழும்புறத மட்டும் பழகுவம். அதைக் கெதியாச் செய்யலாம்.”

“சரி மிஸ்” என்றாள் அவள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தாய் சம்மதிப்பது அவ்வளவு லேசாக இருக்கவில்லை. எங்கள் பகுதி வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண் பிள்ளைக்குரியது, கலியாணம் முடித்தாலும் மாப்பிள்ளைதான் அவள் வீட்டுக்கு வருவான். பெண் பிள்ளை இன்னொருத்தி வீட்டுக்குப் போய் இருப்பது என்பது கேட்கவே கூச்சமான காரியம். “என்ட புள்ளைக்கு வீடு இல்லையாகா? ஆர்ர வீட்டிலயோ போய் ஒண்டச் சொல்றீங்களே!” என்று என்னோடு சண்டை பிடித்தாள். கடைசியில் இரண்டு விசயம் கேட்டாள். ஒவ்வொரு போக அறுவடைக்கும் தன் வயல் அரிசி அந்த வீட்டுக்குப் போக வேண்டும், சனிக்கிழமைகளில் பிள்ளை சொந்த வீட்டுக்கு வந்து முற்றம் கூட்டி விளக்கு வைக்க வேண்டும். கல்லூரியில் பெயர் இருக்கிற பிள்ளையைக் கேட்க மாட்டார்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. நம்பிக்கைதான், உத்தரவாதம் இல்லை. அந்தப் பயத்தோடுதான் அவள் மகளை ஒவ்வொரு சனிக்கிழமையும் வரச் சொன்னாள். வீட்டுக்காரி வீட்டுக்கு வராவிட்டால் வீடு எதற்கு என்பது அவளுடைய வழக்கு. இரண்டுக்கும் நான் சம்மதித்தேன்.

பயிற்சி கடற்கரையிலும் சரளைக் கல் போட்ட கிறவல் தெருவிலும் நடந்தது. பலகைச் சத்தம் கேட்கும், படுப்பாள், எழும்புவாள், ஓடுவாள். திரும்ப வந்து திரும்பவும் படுப்பாள். தெருவில் போகிறவர்களுக்கு அது வேடிக்கை. எழும்புகிற வேகம் கூடிக்கொண்டே வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. முழங்கையிலும் முழங்காலிலும் தோல் உரிந்து தழும்பு விழுந்தது.

யுத்த காலத்தில் இந்தக் கரையில் வாழ்ந்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. சோதனைச் சாவடியில் இளம் பிள்ளைகளின் அடையாள அட்டையைப் பார்ப்பதற்கு முன் முழங்கையைத்தான் பார்ப்பார்கள். தழும்பு இருந்தால் ஆயுதப் பயிற்சி எடுத்தவள் என்று முடிவு.

ஒரு சனிக்கிழமை மேலதிக வகுப்பு முடிந்து ஆசிரியர்கள் எல்லாரும் பாதையில் வந்து இக்கரையில் இறங்குகிறோம். துறைச் சாவடியில் ராணுவத்தார் தர்சினியைத் தனியாக நிறுத்தி வைத்திருந்தார்கள். காலையில் வீட்டுக்குப் போகத் துறைக்கு வந்தவளை அப்போதிருந்தே விடவில்லை. நான் போய், இவள் ஓட்டக்காரி, பயிற்சியில் வந்த காயம் என்றேன். அதிகாரி அரைகுறைத் தமிழில், “ஓட்டக்காரியா? சரி, ஓடிக் காட்டு” என்று தெருவைக் காட்டினார். கேலியாகச் சொன்னாரோ உண்மையாகச் சொன்னாரோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தர்சினி செருப்பைக் கழற்றினாள். அவளுக்கு ஓடு என்றால் ஓடுவதுதான் தெரியும்.

அந்தத் தெருவின் முடிவில் இன்னொரு காவலரண் இருந்தது. அங்கே நிற்பவனுக்கு இங்கே பேசியது கேட்காது. சாவடியிலிருந்து ஒரு பெட்டைப் பிள்ளை தலைதெறிக்க ஓடி வருவதுதான் அவன் கண்ணுக்குத் தெரியும். எட்டி அவளுடைய கையைப் பிடித்தேன்.

“ஓட மாட்டாள்” என்றேன்.

“ஏன்?”

“இது மைதானம் இல்ல.”

சொல்லிவிட்டு அவளையும் இழுத்துக்கொண்டு மணலில் குந்தி இருந்துவிட்டேன். அவளை விடாமல் நான் எழும்ப மாட்டேன் என்றேன். எனக்கு வேறு திட்டம் எதுவும் இல்லை. பிறகு பார்த்தால் என்னோடு வந்த கணித ஆசிரியரும் மணலில் குந்தினார். சங்கீத ரீச்சர் சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு குந்தினார். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் மணலில் இருந்துவிட்டார்கள். வாத்திமார் ஒரு கூட்டம் துறையில் குந்தியிருந்தால் பாதையில் வந்து இறங்குகிறவர்கள் எல்லாம் நின்று பார்ப்பார்கள், நின்று பார்த்தார்கள். அதிகாரி கத்தினார், பிறகு கத்துவதை விட்டுவிட்டு யாரோடோ தொலைபேசியில் பேசினார். செய்தி கேட்டு அதிபர் அம்மா ஓட்டோ பிடித்து வந்து, தன் பிள்ளை என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். வெயில் தாழ்ந்தபோது விட்டார்கள். பிள்ளைக்காகப் பேசத் தெரியாவிட்டால் பக்கத்தில் இருங்கள். நான் அன்றைக்குச் செய்தது அவ்வளவுதான்.

இருட்டுவதற்குள் கடைசிப் பாதையில் ஏறித் தர்சினி வீட்டுக்குப் போனாள். போகாதே என்று நான் சொல்லிப் பார்த்தேன். “முத்தம் கூட்டி விளக்கு வைக்க வேணும் ரீச்சர்” என்றாள்.

அடுத்த வருடம் திரும்பவும் கொழும்பு. அதற்கு முந்தின கிழமைதான் அக்கரையில் ஷெல் விழுந்திருந்தது. காலையிலிருந்து மைதானத்தில் வெடித்த ஒவ்வொரு வெடிக்கும் தர்சினி, அதிபர் அம்மா, நான், மூன்று பேரின் தோளும் குலுங்கியது. இந்த முறை தர்சினி இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தாள். தொடக்கக் கோட்டுக்கு நேர் மேலே படிக்கட்டில் நானும் அதிபர் அம்மாவும் இருந்தோம். இரண்டு வரிசை தள்ளி அந்தக் கொழும்புப் பயிற்றுநர்.

வெடி கேட்டது. என் தலை முழங்காலுக்குள் போய்விட்டது. நிமிர்ந்தபோது பக்கத்தில் அதிபர் அம்மா கைப்பையைத் தலையில் பிடித்துக்கொண்டு எழும்பிக்கொண்டிருந்தார். கீழே தர்சினி மண்ணிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் ஒன்றாகத்தான் எழும்பினோம். ஆனால் அவள் எழும்பும்போதே ஓடிக்கொண்டிருந்தாள். இந்த முறையும் யாரோ சிரித்தார்கள். அதிபர் அம்மா சேலையைத் தட்டிவிட்டு, திரும்பி, அந்த வரிசையைப் பார்த்து, “ஓம், நாங்க படுத்தனாங்க! இப்ப பாருங்க!” என்று கத்தினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

மூன்றாவதாக வந்தாள். ஒலிபெருக்கியில் அவளுடைய பெயரையும் அந்தச் சின்னக் கல்லூரியின் பெயரையும் தப்புத் தப்பாக வாசித்தார்கள். அந்தக் கல்லூரிக்கு அதுதான் முதல் பதக்கம்.

பயிற்றுநர் இறங்கி வந்து கை கொடுத்தார். அவருக்கு உண்மையிலேயே சந்தோசம், உண்மையிலேயே வருத்தம். “எங்ககிட்ட வந்திருந்தா இன்னிக்கு முதலிடம்மா. படுக்காமலே ஓடியிருப்பே” என்றார்.

தர்சினி மூச்சு வாங்கிக்கொண்டே முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

“இருக்கலாம் சேர்” என்றாள். “ஆனா உங்களிட்ட வந்திட்டு நான் படுத்திருந்தா, வெக்கத்தில எழும்பியிருக்கவே மாட்டன்.”